மூட்டையில் கிடந்த சிவப்பு

மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். ஐந்து பேர் சேர்ந்து, விளக்கு எரியும் பொம்மை விசைப்படகை வடிவமைத்து அறுபது செய்து காட்ட வேண்டும். காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வேறென்ன பொம்மை தோன்றும்?

மின்சார வேலை சீக்கிரம் முடிந்தது. முதலில் இரண்டு பேட்டரி போட்டோம். வெள்ளை எல்இடிக்கே கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் மங்கிவிட்டது. மூன்றாவதைச் சேர்த்து, நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்தோம். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்க முடியாது என்பதால் விற்பனை ஆசையை அங்கேயே விட்டோம்.

பெருமையெல்லாம் பக்க விளக்குகளை மூடும் கலர் பிளாஸ்டிக் லென்ஸில்தான். இடது பக்கத் துளை வட்டம், வலது சதுரம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் இடம் மாறாது. பச்சை இடது, சிவப்பு வலது. அதை யார் முடிவு செய்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வியாசர்பாடியில் ஒரு சின்ன மோல்டிங் பட்டறை. எங்கள் டையில், அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சில், வட்டமும் சதுரமும் ஜோடியாகவே விழும். இரண்டு டை வெட்டக் காசு ஏது? சிவப்பு அடிக்கும்போது சதுரத்தை எடுத்துக்கொண்டு வட்டத்தைக் கழிவு மூட்டையில் போடுவோம், பச்சைக்கு நேர்மாறு. சுடச்சுட விழுவதை முறித்து, காம்பு நின்ற இடத்தை நகவெட்டியால் நறுக்குவது என் வேலை. இரண்டாம் நாளே கட்டைவிரலில் கொப்புளம்.

அறுபதும் முடிந்த அன்று, கடலுக்குப் போகும் நண்பனின் அப்பாவிடம் ஒன்றைக் காட்டினோம்.

"இன்னாடா இது? படகு முன்பக்கம், அணியத்தப் பாத்து நின்னா இடதுதான் சிவப்பு. ராத்திரில எதிர்ல வர்றவன் நீ எந்தப் பக்கம் போறன்னு எப்படிடா தெரிஞ்சுக்குவான்?"

இடம் மாறவே மாறாதபடி, தப்பை அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தோம்!

டையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று பட்டறை அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மூலையில் இருந்த மூட்டையைக் காலால் தள்ளிவிட்டார். "இன்னும் கிரைண்டர்ல போடல தம்பி."

சிவப்பு வட்டம், பச்சை சதுரம். வேண்டியது அத்தனையும் கழிவில் கிடந்தது. பசை போடாமல் அழுத்தி மட்டும் மாட்டியிருந்ததால் பிழைத்தோம். ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து 120 லென்ஸைப் பிடுங்கி, காம்பு நறுக்கி, மாற்றி மாட்டினோம்.

மறுநாள் அந்த அப்பாவிடம் மறுபடி கொண்டுபோனோம். இருட்டான மூலையில் வைத்து, சுவிட்சைத் தட்டி, குனிந்து பார்த்தார்.

"இப்ப சரி. உச்சில வெள்ள லைட்டு எங்கடா?"