பெங்களூரில் இயற்பியல் ஒருங்கிணைந்த பிஎச்டி: தேர்வைவிடச் சான்றிதழ்தான் படுத்தியது

பிஎஸ்சி முடித்ததும் எம்எஸ்சியையும் பிஎச்டியையும் சேர்த்துப் படிக்கும் இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகள் ஜாம், ஜெஸ்ட் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒன்றே ஒன்று. ஜாம் தாளில் 100-க்கு 50 மார்க், மைனஸ் இல்லாத கேள்விகளில் இருக்கிறது (ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கக்கூடியவை, எண்ணை டைப் செய்பவை). அவற்றில் எதையும் காலியாக விடாதீர்கள்.

இனி சான்றிதழ் விஷயம். சேர்க்கை முடிந்தும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் ஓபிசி. பள்ளியில் இருந்து கையில் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. அவர்கள் கேட்பது மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதியான பிரிவில்) இல்லை என்று எழுதிய ஓபிசி சான்றிதழ். மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமலே நிறைய பேர் தகுதி இல்லை என்று பொதுப்பிரிவில் போட்டுவிடுகிறார்கள். தேதியும் முக்கியம்: பல இடங்களில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் ஏற்கிறார்கள். இ-சேவையில் பதிந்தாலும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகத்தான் நகரும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் முடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். ஊரில் யாராவது ஒருவர் விஏஓ ஆபீசுக்கு நேரில் போய் வர வேண்டும்.

அடுத்தது கல்லூரி அலுவலகம். நேர்காணல் நேரத்தில் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்திருக்காது. அதற்குப் பதிலாக, இறுதித் தேர்வு வரை எழுதிவிட்டார், அரியர் இல்லை என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். கேட்டால், "ரிசல்ட் வரட்டும் தம்பி, மொத்தமா டிசியோட வாங்கிக்க" என்று பதில். அந்தக் கடிதம் ரிசல்ட் வருவதற்கு முன்னால்தான் தேவை என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவே ஆள் இல்லை. பிறகு கோடை விடுமுறை, முதல்வர் ஊரில் இல்லை. வழி இதுதான்: வாசகத்தை நீங்களே டைப் செய்து, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அவர் மூலமாக முதல்வருக்கு அனுப்புங்கள். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள், இரண்டு அசலாக. டிசி கல்லூரி தரும்; மைக்ரேஷன் சான்றிதழ் பல்கலைக்கழகம் தரும், அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்டு அலையாதீர்கள்.

பெயர். நம் ஊரில் இனிஷியல், அவர்கள் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்றால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். படிவத்தை எப்போதும் பத்தாம் வகுப்புப் பட்டியல்படி நிரப்புங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி கையில் இருந்தால் வாக்குவாதமே வராது.

நேர்காணலன்று காலையில் ஓசூர் வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி நேராகப் போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள். சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் மாட்டினால் கதை முடிந்தது. இந்திய அறிவியல் கழகத்துக்கு யஷ்வந்த்பூர் ஸ்டேஷன் பக்கம். ஐசிடிஎஸ் (கோட்பாட்டு அறிவியல் ஆய்வு மையம்) ஊருக்கு வடக்கே சிவகோட்டேயில், முதல் நாளே வந்து தங்குவது நல்லது.

நேர்காணலில் எந்தப் பாடம் பிடிக்கும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் பாடத்தில்தான் தோண்டுவார்கள், அதனால் பந்தாவுக்குக் குவாண்டம் என்று சொல்லாதீர்கள். சொன்னால் இந்த மாதிரிக் கேள்விக்குத் தயாராக இருங்கள்: ஹார்மானிக் ஆஸிலேட்டரின் நடுவில் தாண்டவே முடியாத சுவர் வைத்தால் அடிமட்ட ஆற்றல் என்ன? சமன்பாட்டை மறுபடி தீர்க்க வேண்டியதில்லை. சுவர் இருக்கும் இடத்தில் அலைச்சார்பு பூஜ்யமாக வேண்டும், ஆகவே ஒற்றைச் சார்புகள் மட்டும் மிஞ்சும். விடை எச்-பார் ஒமேகாவில் அரை மடங்கு போய் ஒன்றரை மடங்கு. படம் வரைந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நின்றுபோனால் அவர்களே குறிப்பு கொடுப்பார்கள். பேசாமல் நின்றால் அதுவும் கிடைக்காது.

லேப் கேள்வியை நம்மவர்கள் மதிப்பதில்லை, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தனி ஊசலில் ஏன் 20 அலைவு எண்ணுகிறோம்? 1 மீட்டர் நூலுக்கு அலைவு நேரம் சுமார் 2 நொடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 நொடி பிழை என்றால் ஒரே அலைவில் 10 சதவீதம். நேரம் இருபடியாக வருவதால் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பில் 20 சதவீதம். 20 அலைவுக்கு 40 நொடி, பிழை 0.5 சதவீதம், ஜியில் 1 சதவீதம். நீளத்தில் 1 மில்லிமீட்டர் தப்பினால் 0.1 சதவீதம்தான், ஆக ஸ்கேலை விட வாட்ச்தான் கவலை. இதை எண்ணோடு சொன்னபோது எதிரே இருந்தவர் தலையாட்டினார். அவ்வளவு அலைச்சலுக்கும் அது போதுமானதாக இருந்தது.

சேரும் நாளில் மைக்ரேஷன் வரவில்லை என்றால், இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதன் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். டிசி அசலைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், திரும்பக் கைக்கு வராது.