வியர்வையும் தோல் பூட்ஸும்: கன்னியாகுமரி மாவட்டத்தில் நடப்பவர்களுக்கு

தோல் பூட்ஸ் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மழையைப் பற்றித்தான். தண்ணீர் உள்ளே இறங்குமா, எந்த மெழுகு தேய்க்கலாம் என்று. ஆனால் நம்மூரில் பூட்ஸை அதிகம் கெடுப்பது வியர்வை. மழைநீரில் உப்பு இல்லை, வியர்வையில் இருக்கிறது. பூட்ஸ் காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு தோலுக்குள்ளேயே தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை மறுபடி மறுபடி இழுத்து, கடைசியில் விரல் மடங்கும் இடத்தில் தோல் வெடிக்கும். அதனால் காலைச் சூடேறாமல் பார்த்துக்கொண்டாலே பூட்ஸ் பராமரிப்பில் பாதி முடிந்தது.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது, உள்ளே கோர்டெக்ஸ் மாதிரி நீர்புகாச் சவ்வு இருக்கிறதா என்பது. குளிர்நாட்டுக்கு அது நல்ல பொருள். சவ்வு வழியாக வியர்வை ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரம் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் காற்றே நனைந்து கிடக்கும். ஆவி எங்கே போகும்? ஓடையில் கால் வைத்து மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டாலும் அது எளிதில் வெளியேறாது. சவ்வு இல்லாத, உள்ளே மெல்லிய தோலோ துணியோ வைத்த பூட்ஸ்தான் இங்கே சரி. நனையும், ஆனால் காயும்.

அளவு பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும். நடக்கப் போடும் சாக்ஸோடு நின்று பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் உரசினால் கொப்புளம். மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த மெல்லிய சாக்ஸ் வெயிலுக்கும் பொருந்தும். இரண்டு ஜோடி எடுத்துப்போய் நடுவழியில் மாற்றுங்கள், ஈரமானதைப் பையின் வெளியே தொங்கவிடுங்கள்.

லேஸ் கட்டுவதில் ஒரு சின்ன வித்தை உண்டு. விரல் பகுதியில் தளர்த்தியாக விட்டு, பாதம் கணுக்காலில் சேரும் வளைவுக்கு வந்ததும் லேஸின் இரண்டு நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை முறுக்கி இறுக்குங்கள். அந்த முறுக்கு பூட்டு மாதிரி நிற்கும். கீழே காற்றும் வீக்கமும் புழங்க இடம் இருக்கும், மேலே குதிகால் ஆடாது.

மருந்துவாழ் மலை மாதிரிப் பாறைப் பாதைகளுக்கு விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிய பாறையின் சூடு பூட்ஸின் அடிப்பாகம் வழியாகவே காலுக்கு வரும். மணிக்கு ஒரு தடவை பூட்ஸைக் கழற்றி, உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் இன்சோலை உருவி, பத்து நிமிடம் நிழலில் வையுங்கள். காளிகேசத்து ஆற்றில் காலை நனைப்பது பெரிய சுகம்தான். இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி எடுத்து, கால் முழுதும் காய்ந்த பிறகே சாக்ஸ். ஈரத்தோடு பூட்ஸுக்குள் போன கால்தான் சேற்றுப்புண்ணுக்கு வாசல்.

வீட்டுக்கு வந்ததும் லேஸ், இன்சோல் இரண்டையும் எடுத்துவிட்டு, லேஸுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கை முழுதாக வெளியே இழுத்து வையுங்கள். தையலோரம் ஒட்டிய செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் துடையுங்கள். துணி சோப்பு கூடாது. அதன் காரம் தோலிலுள்ள எண்ணெய்ச் சத்தை எடுத்துவிடும். செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி உள்ளே திணித்து ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். மாற்றாமல் விட்ட தாள் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். பிறகு மின்விசிறிக் காற்று. ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரே நாளில் காய்வது மார்த்தாண்டத்தில் அடைமழைக் காலத்தில் மூன்று நாள்கூட எடுக்கும். காயாமல் மறுபடி போடாதீர்கள். அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலோ வைத்தால் பசை இளகும், தோல் சுருங்கி விறைக்கும்.

முட்டம், சொத்தவிளை மாதிரிக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் வெள்ளைக் கோடு விழும். ஒரு பங்கு வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தால் போய்விடும். மேலே மெழுகு பூசி மறைக்காதீர்கள்.

மலையில் அட்டைக்குப் பயந்து பூட்ஸ் மேலேயே உப்பைத் தேய்ப்பவர்கள் உண்டு. கடல்நீரில் முக்கியதற்குச் சமம் அது. முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை சாக்ஸ் போட்டால் உப்பே வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் நடக்கும்போது பூட்ஸில் ரப்பர் பால் தெறித்தால் துடைக்காதீர்கள், துடைத்தால் பரவும். காயவிட்டு, மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் மாதிரி ஆனதும் ஓரத்தை நகத்தால் கிளப்பி விரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கையருகில் இருக்கிறதென்று பூட்ஸுக்குத் தேய்க்காதீர்கள். தோல் அளவுக்கு மீறி இளகித் தொளதொளத்துவிடும், நாளாக ஆகக் காறல் வாடையும் அடிக்கும். மார்த்தாண்டம் தேன் ஊர். சுத்தமான தேன்மெழுகு கிடைக்கும். 30 கிராம் மெழுகுக்கு 60 கிராம் ஆமணக்கெண்ணெய். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். ஆறியதும் ஒரு பூட்ஸுக்கு அரைத் தேக்கரண்டி, விரலால், தையலோரம் கொஞ்சம் கூடுதலாக. பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தடிமனாகப் பூசினால் தோலின் துளை அடைபட்டுக் கால் வேகும். இது வழவழப்பான தோலுக்குத்தான். சொரசொரப்பான நூபக் தோலில் பூசினால் நிறம் கறுக்கும்.

கன்னிப்பூப் போக நெல்லுக்கு ஒரு மழை, கும்பப்பூப் போக நெல்லுக்கு ஒரு மழை என்று இரண்டும் பெய்கிற ஊரில் பூசணம் வராமல் இருக்காது. வந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள், அதே வினிகர்த் தண்ணீரே போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி இரும்பு அலமாரிக்குள் வைக்காதீர்கள். துணிப்பையில் போட்டு, வாரம் ஒரு நாள் எடுத்துக் காற்றாட விடுங்கள்.

பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையில் செய்த அடித்தட்டு உள்ள பூட்ஸ், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பில் இந்த ஆபத்து அதிகம். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், குதிகாலுக்குக் கீழே, தரையைத் தொடும் அடிக்கு மேலுள்ள நுரைப்பகுதியில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கித் திரும்ப எழுந்தால் சரி. மாவு மாதிரி உதிர்ந்தால் பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை, ஒட்டப் பிடிமானமே அங்கே இருக்காது.