1983ல ஏது திண்டுக்கல் மாவட்டம்? கோர்ட்ல பொய் சொன்னதுக்கு மனு போட்ட கதை

கோர்ட்ல பொய் சொன்னா உடனே தூக்கி உள்ள போட்டுருவாங்கன்னு தான் நானும் நெனச்சிட்டு இருந்தேன். பண்ணைக்காட்டுப் பக்கம் தாத்தாவோட காபித் தோட்டம் இருக்கு, அதுல அய்யாவுக்குப் பாதி பங்கு வேணும்னு கொடைக்கானல் முன்சீப் கோர்ட்ல கேஸ் போட்டோம். சித்தப்பா பதிலுக்கு ஒரு கூர்ச்சீட்டு, அதாவது குடும்பச் சொத்தைப் பங்கு பிரிச்சு எழுதின சீட்டு, கொண்டாந்து போட்டாரு. 1983 தை மாசமே பிரிச்சாச்சாம், அய்யாவுக்கு கீழ்வீடு மட்டும், தோட்டம் பூரா அவருக்காம். கீழ தாத்தா கைநாட்டு, பக்கத்துல ஒரு சாட்சி கையெழுத்து.

அதைப் பாத்ததும் மாமா சொன்ன யோசனைதான் உச்சம். "நாமளும் பழைய கிஸ்தி ரசீது மாதிரி ஒண்ணு ரெடி பண்ணிருவோம்டா"ன்னாரு. நான் வேற புத்தியில்லாம அதைப் போய் வக்கீல்கிட்டயே கேட்டேன். ஃபைலை மூடி வச்சிட்டு, "தம்பி, பொய்ப் பேப்பர் போட்டா உங்க சித்தப்பாவுக்கு என்ன செக்‌ஷனோ அதேதான் உங்களுக்கும், ஏழு வருஷம் வரைக்கும் போகும், பரவால்லயா?"ன்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

கூர்ச்சீட்டு ஜெராக்ஸை வச்சுக்கிட்டு நாங்க கைநாட்டையே உத்து உத்து பாத்துட்டு இருந்தோம், வக்கீலோட குமாஸ்தா தான் முதல் வரியில விரலை வச்சாரு. "திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம்"னு ஆரம்பிக்குது. மதுரையில இருந்து திண்டுக்கல் மாவட்டத்தைப் பிரிச்சதே 1985 செப்டம்பர்ல!

குறுக்கு விசாரணை அன்னைக்கு வக்கீல் அதை எடுத்த எடுப்புல கேக்கல. எந்த வருஷம் எழுதினது, அன்னைக்கே உக்காந்து எழுதினதா, அப்புறம் ஒரு எழுத்து கூட சேக்கலயேன்னு ஒவ்வொண்ணா கேட்டு, ஒவ்வொரு பதிலையும் ஜட்ஜ் டைப்பிஸ்ட்கிட்ட சொல்லி பதிவு பண்ணினதுக்கு அப்புறம் தான், "முதல் வரியைக் கொஞ்சம் சத்தமா படிங்க"ன்னாரு. சித்தப்பா படிச்சாரு. படிச்சு முடிச்சும் அவருக்குப் புரியல, அவங்க வக்கீலுக்குத் தான் முகம் மாறிச்சு.

கேஸ் எங்க பக்கம் தீர்ப்பாச்சு. ஆனா பொய்க்குத் தண்டனை அதோட தானா வந்துராது, இது நெறய பேருக்குத் தெரியல. சத்தியம் பண்ணி பொய் சொன்னதுக்கு நாம நேரா ஸ்டேஷன் போக முடியாது, அதே கோர்ட்ல மனு போடணும், முன்னாடி சிஆர்பிசிங்கிற குற்ற விசாரணை முறைச் சட்டத்துல 340, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 379. கோர்ட் விசாரிச்சு, நீதியோட நலனுக்கு இது தேவைன்னு தோணினா தான் அவங்களே எழுத்துல மாஜிஸ்ட்ரேட்டுக்கு புகார் அனுப்புவாங்க. சித்தப்பா சாட்சி சொன்னது 2023ல, அதனால குத்தம் பழைய ஐபிசிங்கிற இந்திய தண்டனைச் சட்டம் 193ல வரும், 2024 ஜூலை 1ல இருந்து சொல்ற பொய்யா இருந்தா அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 229. பேப்பரை கோர்ட்ல போடுறதுக்கு முன்னாடியே வெளிய வச்சு போலியா தயாரிச்சிருந்தா, அதுக்கு மட்டும் போலீஸ்லயும் புகார் குடுக்கலாம், 2005ல இக்பால் சிங் மர்வா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. அய்யா போலீஸ் வேணாம்னுட்டாரு, கூடப் பொறந்தவன்ல.

மனுல எதிர்மனுதாரர் ரெண்டு பேர்னு டைப் பண்ணி வந்துச்சு, சித்தப்பாவும் அந்த சாட்சியும். சாட்சி யாருன்னா எங்க தோட்டத்துல மூட்டை சுமந்தவரு, சின்ன வயசுல என்னை மிளகு படுதா மேல உக்கார வச்சுட்டு வேலை பாப்பாரு. பேப்பர்ல என்ன இருக்குன்னு படிக்காமலே கையெழுத்து போட்டேன்னு கோர்ட்லயே சொல்லிட்டாரு, ஆனா அதுக்கு முன்னாடி குடுத்த அஃபிடவிட்ல எல்லாம் கண்ணால பாத்தேன்னு இருக்கு. அய்யா பேனாவை வாங்கி அவர் பேரை அடிச்சாரு. வக்கீலுக்கு இஷ்டமே இல்ல, "அடிச்சாலும் கோர்ட் நெனச்சா அவரையும் சேக்கலாம்"னு சொல்லித்தான் திருப்பி டைப் அடிக்கக் குடுத்தாரு.

மனு போட்டு மூணு வாய்தா ஓடிருச்சு, சித்தப்பா இன்னும் கவுண்டர், அதாவது பதில் மனு, போடல. போன வாரம் பெருமாள்மலையில பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்த சாட்சித் தாத்தா பக்கத்துல வந்து, "எனக்கு ஒண்ணும் வராதுல்ல சாமி"ன்னாரு. வக்கீல்கிட்ட கேட்டு சொல்றேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். இன்னும் கேக்கல.