வரிசையில் நிற்கிற பிள்ளைகள்

எட்டாம் வகுப்புப் பி.டி. பீரியட் ஒன்றைக் கையில் கடிகாரத்தோடு பாருங்கள். 40 பிள்ளைகள், ஒரு பந்து, ஒரே வரிசை. ஆளுக்குப் 10 வினாடி என்றால் ஒருவன் முறை திரும்பி வர 6 நிமிடம் 40 வினாடி ஆகும். அட்டெண்டன்ஸ், வார்ம்-அப் எல்லாம் போக மிஞ்சுவது 20 நிமிடம். அதில் மூன்று முறை, மொத்தம் அரை நிமிட ஓட்டம். இப்படி நிற்க வைத்துவிட்டு, 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்கலை' என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறோம்.

பெங்களூரில் அல்சூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துக் கௌதமபுரத்தில் கால்பந்து வீரர் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. சந்திலேயே பந்து உதைத்து வளர்ந்த நாலு பேர் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் இருக்கிற டீமில் மற்றவனுக்குப் பந்து வராது. வந்தாலும் தவறவிட்டால் சிரிப்பார்கள். 'சார், கால் வலிக்குது' என்று ஒருவன் ஓரமாய் உட்காருவது பெரும்பாலும் அதனால்தான். சோம்பல் என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம், அவ்வளவுதான்.

செய்யக்கூடியது இது. 20-க்கு 15 மீட்டரில் சின்னச் சின்ன மைதானங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று, 4 நிமிட ஆட்டம். இடம் இரண்டு மைதானத்துக்குத்தான் இருக்கிறது என்றால் மீதிப் பேருக்கு ஸ்கிப்பிங் கயிறும் த்ரோபாலும். சிவப்புக் கோன் மைதானத்தில் கோல் எண்ணப்படும், மஞ்சளில் எண்ணப்படாது. எங்கே ஆடுவது என்று அவரவரே முடிவு செய்யட்டும். ஆனால் 'என்ன விளையாடலாம்?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். சத்தமாகப் பேசுகிறவன் சொன்னதே நடக்கும். இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்வதை இன்றோடு விட்டுவிடலாம். கடைசியில் மிஞ்சுகிறவன் யார் என்று வகுப்புக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். அவுட்டானால் வெளியே உட்காரு என்கிற ஆட்டங்களும் அப்படித்தான்: ஓட வேண்டியவன் முதலில் உட்காருகிறான்.

ஓட்டத்தில் தூரத்தை விட்டு நேரத்தை வையுங்கள். 600 மீட்டர் என்றால் மெதுவாக ஓடுகிறவள் எல்லோரும் பார்க்கத் தனியாக வந்து சேருவாள். '6 நிமிடம், முடிந்த அளவு ரவுண்டு' என்றால் ஒரே விசிலில் எல்லோரும் நிற்பார்கள். எண்ணிக்கையை ஜோடி குறித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் தன் எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிப் பரிசோதனைக்கு 600 மீட்டர் ஓட்டித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு மெதுவானவர்களை முதல் குழுவாக அனுப்பி, ஓடி முடித்தவர்கள் அடுத்த குழுவுக்கு நேரம் குறிக்கும்படி செய்யலாம். தாமதமாக வந்தால் 'ரெண்டு ரவுண்டு' என்பது ஓட்டத்தையே தண்டனையாக்கிவிடுகிறது. பிறகு அதையே சந்தோஷமாகச் செய் என்றால் எப்படி?

கால் வலி நிஜமாகவே இருப்பதும் உண்டு. 12, 14 வயதில் எலும்பு வேகமாக நீளும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலிக்கும், குதித்தால் அதிகமாகும். குதிப்பதைக் குறைத்து வேறு வேலை கொடுக்கலாம், வலி விடாவிட்டால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். திடுமென்று உயர்ந்தவன் சில மாதம் தடுமாறுவதும் இயல்பு. அந்த நேரத்தில் ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்தால் அவன் மறுபடி மைதானத்துக்கு வரமாட்டான்.

பெண் பிள்ளைகள் விலகும் இடம் இன்னும் தெளிவானது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக அளவில் 11–17 வயதில் போதிய அளவு உடலை அசைக்காதவர்கள் பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம். காரணங்களில் ஒன்று பள்ளிக்கூட அலமாரியிலேயே கிடக்கிறது: வெள்ளை பி.டி. யூனிஃபார்ம். மாதவிடாய் நாளில் வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு யார் ஓடுவார்கள்? கருநீலத்துக்கு மாற்றவேண்டும், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும், காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்களை எழுப்பவேண்டும். 'மிஸ், வயிறு வலிக்குது' என்றால் துருவிக் கேட்காமல் ஸ்கோர் எழுதுகிற வேலையாவது கொடுங்கள்.

பரிசு விஷயத்தில் கை சற்று அடங்கவேண்டும். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் புதிர்க்கட்டைகளை வைத்துச் செய்த சோதனையில், காசு வாங்கிய மாணவர்கள் காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் கட்டையைத் தொடுவது குறைந்தது. ஆசையாக வருகிறவனுக்கு ஸ்டார் ஒட்டுவதும் இதே வகைதான். 'போன மாசம் அஞ்சு ரவுண்டு, இப்ப ஏழு' என்று குறிப்பாகச் சொன்னால் அது அவனிடம் தங்கும்.

பத்தாம் வகுப்பில் 'தம்பி, எஸ்எஸ்எல்சி முடியட்டும்' என்று வீட்டிலேயே தடை விழும். விளையாடினால் எடை குறையும் என்று வீட்டில் பேசினால் பிள்ளை கூனிக்குறுகும். ராத்திரி நன்றாகத் தூங்கும், காலையில் படிப்பு ஏறும் என்றால் அம்மாவே அனுப்புவார். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற 60 நிமிடம் வாரத்தின் தினசரி சராசரிதான், துண்டு துண்டாகவும் சேரும். டியூஷனுக்குச் சைக்கிளில் போ என்று சொல்ல ஆசைதான். இங்கே ஓல்டு மெட்ராஸ் ரோட்டின் போக்குவரத்தைப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள். நடந்துபோகிற தூரத்து டியூஷனும், லிஃப்ட்டை விட்டு நாலு மாடிப் படியும், ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஒரு மணி நேரப் பந்தும் என்றுதான் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.