சித்தி வீட்டுக்கு எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூரில் இருக்கும் சித்தியைப் பார்க்க நேற்றும் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில்தான் வந்தேன். "ஒரு மணி நேர விமானத்தை விட்டுவிட்டு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வானில் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். சாலையில் ஏறக்குறைய 350. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் விமானம் என்றால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். கோலாலம்பூரில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலிலேயே 28 நிமிடம். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது. எல்லைச் சோதனைச்சாவடியில் நெரிசல் இல்லாத நாளில் பஸ்ஸுக்கும் அதே நேரம்தான்.

நெரிசல் இருந்தால் கதை வேறு. சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நீண்ட வார இறுதியில் அதைக் கடக்கவே மணிக்கணக்காகிறது. பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் தயவுசெய்து கிளம்பாதீர்கள். இரண்டாவது பாலம் இருக்கும் துவாஸ் வழியாகப் போகும் பஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஜோகூர் பாரு நகரைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனை வரிசைகள். நேற்று வழியில் யோங் பெங் என்ற ஊரில் பஸ் நின்றது. சூடான தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி சித்தியை அழைத்தேன்.

"எங்கேம்மா வருகிறாய்? இட்லிக்கு மாவு கரைத்துவிட்டேன்" என்றார்.