தண்ணீர்மலைப் படிகளும் என் இடது முழங்காலும்: ஒரு நாட்குறிப்பு

12 பிப்ரவரி 2025, புதன்

நேற்றுத் தைப்பூசம். மலேசியாவின் பினாங்கில் உள்ள தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் ஏறத்தாழ நூற்று நாற்பதாவது படியோடு நான் நின்றுவிட்டேன். பால்குடத்தை மகளின் தலைக்கு மாற்றியபோது கண்ணீர் வந்தது. அது வலியால் மட்டும் வந்த கண்ணீர் அன்று. மலைமேல் புதிய கோயில் எழும்பிய 2012ஆம் ஆண்டுக்குப் பின், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, சந்நிதி வரை ஏறாமல் நான் திரும்பிய தைப்பூசம் இதுவே முதல்.

ஏறியதைவிட இறங்கியதே பெரும்பாடு. இறங்கும்போது உடலின் பாரத்தையெல்லாம் மடங்கிய முழங்கால் ஒன்றே தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றி, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். இடது காலை ஊன்றும்போதெல்லாம், ஈர மணலை மிதித்தாற்போல் முழங்கால் சிரட்டைக்கு அடியில் ஒரு நறநறப்பு எழுந்தது. கணவர் எனக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டே வந்தார். அவருக்கு வயது 72. நான் சரிந்திருந்தால் அவரும் சேர்ந்துதான் விழுந்திருப்பார்.

எலும்பு முறிவுப் பிரிவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் சென்ற நவம்பரிலிருந்து அலமாரியில் கிடக்கிறது. நாளை அதை எடுத்துச் சென்று நாள் குறித்து வர வேண்டும்.

21 பிப்ரவரி, வெள்ளி

காலை ஏழரைக்கு எண் எடுத்து, பதினொன்றரைக்கு மருத்துவரைக் கண்டேன். இளம் பெண், மலாயில் பேசினாலும், புரியாத சொல் வந்தால் படம் வரைந்து காட்டும் பொறுமை அவரிடம் இருந்தது.

எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுக்கவில்லை. நிற்க வைத்து எடுத்தார்கள். பாரம் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்பது தெரியுமாம். இடது காலின் உட்புறத்தில் இடைவெளியே இல்லை. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, ஓரத்தில் முள் முளைத்ததுபோல் சிறு எலும்பு நீட்சிகள் தெரிந்தன. வலது காலில் ஒரு நூலிழை இடைவெளி இன்னும் உண்டு. 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலின்படி இடது கால் நான்காம் நிலை, வலது கால் மூன்றாம் நிலை. அந்த அளவுகோலில் ஐந்தாம் நிலை என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் அறுவைச் சிகிச்சைதானே என்று கேட்டேன். "படத்தைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை, அம்மா. இதைவிட மோசமான படத்தோடு மார்க்கெட்டுக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், இதைவிட நல்ல படத்தோடு தூங்க முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள்," என்றார். பிறகு இரவில் வலி எழுப்புகிறதா, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறேன் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு. அதன் பின் பேசுவோம் என்று மே மாதத்துக்கு நாள் கொடுத்தார்.

கைவிட்டுவிட்டார்களோ என்று வீடு வரும் வழியெல்லாம் மனம் குமைந்தது.

2 மார்ச், ஞாயிறு

படித்துத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு பள்ளியில் கற்பித்தவளுக்கு எழுதினால்தான் மனத்தில் நிற்கிறது.

மூட்டு மாற்று என்ற சொல்லே நம்மை அச்சுறுத்துகிறது. காலையே வெட்டி வேறு கால் பொருத்துவதுபோல் என் மாமியார் காலத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். உண்மையில் தேய்ந்துபோன இரண்டு எலும்பு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, பல்லுக்கு உறை போடுவதுபோல் புது மேற்பரப்பு பொருத்துகிறார்கள். தொடை எலும்புக்குப் பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம், கீழ்க்கால் எலும்புக்குப் பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பின் இடத்தில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அவற்றை எலும்போடு பிடித்து வைக்க ஒருவகைச் சிமெண்ட் பயன்படுகிறது.

எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் கணவரின் முதல் கேள்வி. பல நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, முழங்காலின் முழு மூட்டு மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் கழித்தும் பழுதின்றி இருந்தன. எனக்கு இப்போது 67. இருபத்தைந்தைக் கூட்டினால் 92. பத்து ஆண்டில் கழன்றுவிடும் என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி என் மனத்தில் ஏற்றிய அச்சம் இந்த ஓர் எண்ணில் பெரிதும் அடங்கியது.

இன்னோர் ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. டென்மார்க்கில் நூறு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவைச் சிகிச்சையோடு பயிற்சியும், மற்றதற்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து, காலணி உள்ளே வைக்கும் தகடு ஆகியவை மட்டும் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. வலி, அன்றாடச் செயல்பாடு முதலியவற்றை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில், ஓராண்டில் அறுவைச் சிகிச்சைப் பிரிவு 32.5 புள்ளி முன்னேறியது. மற்றப் பிரிவு 16 புள்ளி. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் முதல் பிரிவில் 24, இரண்டாம் பிரிவில் 6. இரண்டாம் பிரிவினரில் கால்வாசிப் பேர் அந்த ஆண்டுக்குள்ளேயே பொறுக்க முடியாமல் அறுவைச் சிகிச்சைக்கு மாறிக்கொண்டார்கள்.

கத்திக்குப் பலன் அதிகம், ஆபத்தும் அதிகம். பயிற்சிக்குப் பலன் பாதி என்றாலும் அது பொய்யான பலன் அன்று. மருத்துவர் என்னைக் கைவிடவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

19 மார்ச், புதன்

உடற்பயிற்சிப் பிரிவில் மூன்றாம் வாரம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணும் வரை தொடையை இறுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துமுறை எழ வேண்டும். முதல் வாரம் நான்குமுறைதான் முடிந்தது, இன்று ஒன்பது.

என் எடை 78 கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவோ (HbA1c) 8.6 விழுக்காடு. அந்த அளவில் வெட்டினால் புண் ஆறுவதிலும் கிருமித் தொற்றிலும் சிக்கல் வரும் என்பதால், அதை இறக்காமல் பேச்சே இல்லை. இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன். கோப்பியில் சீனியும் கெட்டிப்பாலும் இல்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு தனியார் கிளினிக்கில் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று உறுதி கூறி, மூன்று ஊசிக்கு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். எக்ஸ்ரேயைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன். போன பணம் போகட்டும். முற்றாகத் தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தரும் மருந்து இல்லை என்று அன்றே ஒருவர் நேராகச் சொல்லியிருந்தால், இந்தத் துண்டுப் பயிற்சியை இரண்டு ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருப்பேன்.

2 ஏப்ரல், புதன்

நோன்புப் பெருநாளுக்காக எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கப் போனோம். இதே ஜெலுத்தோங் அடுக்ககத்தில் முப்பது ஆண்டாக எங்களுக்கு எதிர்க்கதவு. கடையநல்லூரிலிருந்து அவருடைய பாட்டனார் கப்பலேறி வந்த குடும்பம். மூன்று ஆண்டுக்கு முன் அவர் இரு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டார். இவ்வளவு நாள் அவரிடம் நலம் விசாரித்தேனே தவிர, கேட்க வேண்டியதை இன்றுதான் கேட்டேன்.

"வலி போச்சும்மா. அதுல பொய் இல்ல. ஆனா தொழுகைய நாற்காலியிலதான் தொழுறேன். நெத்தி தரையில படலையேன்னு ஆறு மாசம் அழுதேன். ஆலிம்சாகிட்ட கேட்டேன், முடியாதவங்களுக்கு மார்க்கம் அனுமதி தந்திருக்குன்னு சொன்னாங்க. அப்புறந்தான் மனசு ஆறுச்சு," என்றார். ஜன்னலோரம் அந்த நாற்காலி இருந்தது. அதன் முன் விரித்திருந்த தொழுகை விரிப்பில் முழங்கால் படும் இடத்துப் பூவேலை தேய்ந்து வெளுத்திருக்க, இரு பாதமும் ஊன்றும் இடத்தில் புதிதாக இரண்டு தடங்கள் விழுந்திருந்தன.

வீடு திரும்பியதும் என் தரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறேன். சம்மணமிட்டு அவர்கள் நடுவே உட்கார்ந்து, தாளம் பிசகும் பிள்ளையின் தொடையில் மெல்லத் தட்டிக் காட்டுவேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரைதான் மடங்கும். தரையில் சம்மணமிடவும் குந்தவும் அது போதாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முற்பகல் முழுதும் எண்ணியிருந்தேன்.

மாலையில் பயிற்சிப் பிரிவின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அளவுமானி வைத்துக் குறித்த என் இடது முழங்காலின் இன்றைய மடக்கம் 105 பாகை. கணவரிடம் கேட்டேன்: "நான் கடைசியாகத் தரையில் உட்கார்ந்து வகுப்பு எடுத்தது எப்போது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?" அவர் சற்று யோசித்துவிட்டு, "2023 நவராத்திரிக்கே பிள்ளைகள் உனக்கு அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்களே," என்றார்.

எதை இழக்கப் போகிறேன் என்று அஞ்சினேனோ, அதை இழந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டது. தரையில் இருந்தபடியே வகுப்பு எடுப்பதாக என் மனம் மட்டும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. கோலாலம்பூரிலிருந்து மகளும், பட்டர்வொர்த்திலிருந்து நாத்தனாரும் வந்திருந்தார்கள். மகள் தனியார் மருத்துவமனையில் உடனே செய்துவிட வேண்டும் என்கிறாள். அவள் விசாரித்து வந்த தொகை ஒரு காலுக்கு முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல். நான் ஓய்வூதியம் பெறும் அரசாங்க ஆசிரியை. அரசாங்க மருத்துவமனையில் எனக்குக் கட்டணம் இல்லை. செயற்கை மூட்டின் விலைக்கும் பொதுச் சேவைத் துறையிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மகளின் சேமிப்பில் கை வைக்க நான் உடன்படவில்லை.

"அண்ணி, நீங்கள் எப்போது செய்தாலும் முதல் ஒரு மாதம் நான் வந்து இருக்கிறேன்," என்றார் நாத்தனார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத வீடு, 48 படிகள். அந்த ஒரு சொல் மகள் கொண்டுவந்த தாள்கள் அத்தனையையும்விட எனக்குப் பயன்பட்டது.

9 மே, வெள்ளி

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் ஒன்றையும் தள்ளாமல் விடை சொன்னார்.

மூட்டுக்குள் ஆழமான கிருமித் தொற்று நூற்றில் ஒருவர் அளவுக்கு வருவதுண்டு. வந்தால் மூட்டைக் கழற்றி மீண்டும் செய்ய நேரலாம். காலில் இரத்தக் கட்டி வராமல் தடுக்க மருந்து தருவார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்வதால் முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. அன்றே அல்லது மறுநாளே நடக்க வைப்பார்கள். தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போய், பலருக்கு அது முழுதும் திரும்புவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி கூடாது. சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பிறகும் மனநிறைவு கொள்வதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, இருபது வயதுக் காலை எதிர்பார்த்து வருவது என்றார். "உங்களுக்கு இந்தக் காலை வைத்து என்ன செய்ய வேண்டும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

இரவில் தூங்க வேண்டும், 48 படியை ஒருவரையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும், ஜெலுத்தோங் பசாருக்கு நடந்து போய் மீன் வாங்கி வர வேண்டும் என்றேன். தரையில் உட்காருவதைச் சொல்லவில்லை, தண்ணீர்மலையையும் சொல்லவில்லை. அந்த மூன்றும் நியாயமான எதிர்பார்ப்பு என்றார். ஆனால் சர்க்கரை இன்னும் 7.9. ஜூனில் மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பினார்.

22 ஜூன், ஞாயிறு

எடை 74. சர்க்கரை 7.2. நாற்காலியிலிருந்து பதினான்குமுறை எழுகிறேன். வலது கால் வியக்கத்தக்க அளவு தேறிவிட்டது. அதற்குக் கத்தி தேவையில்லை, குறைந்தது இப்போதைக்கு. இதை மட்டும் யார் கேட்டாலும் வலியுறுத்திச் சொல்வேன்: பயிற்சியைச் செய்து பார்க்காமல் இரு காலையும் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால், ஒரு நல்ல காலையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

இடது கால் அப்படியன்று. தொடைக்கு வலு வந்திருக்கிறது, நடையில் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றிரவும் இரண்டே முக்காலுக்கு விழித்துக்கொண்டேன். புரண்டு படுக்கும்போது முழங்கால் மூட்டில் யாரோ ஆப்பு அடித்தாற்போல் இருந்தது. இரு கைகளாலும் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு, சாலை விளக்கின் ஒளி சுவரில் விழுவதைப் பார்த்தபடி ஐந்து மணி வரை கிடந்தேன். இந்த மாதத்தில் இது பதினோராவது இரவு. நாட்காட்டியில் புள்ளி வைத்து வருகிறேன்.

காலையில் கணவரிடம் சொன்னேன். "இடது கால் மட்டும், சரிதானே?" என்று கேட்டார். சரி என்றேன்.

4 ஜூலை, வெள்ளி

பட்டியலில் பெயர் பதிந்தாயிற்று. பொதுச் சேவைத் துறைக்கான விண்ணப்பத் தாள்களைத் தாதி அடுக்கிக் கொடுத்தார். ஆண்டு இறுதிக்குள் அழைப்பு வரலாம் என்கிறார்கள். பல் மருத்துவரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை நாள்.

பயிற்சியாளர் இன்று படி ஏறும் முறையைக் கற்றுக் கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். மாலையில் எங்கள் அடுக்ககப் படிக்கட்டில், வலது கை கம்பியிலும் இடது கை கைத்தடியிலுமாக, அந்த வரிசையை மாற்றாமல் ஒருமுறை ஏறி இறங்கினேன். கணவர் கீழ்ப்படியில் நின்று எண்ணினார். முப்பத்தொன்றில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, நாற்பத்தெட்டு வரை அவரும் சேர்ந்து எண்ணினார்.