தோளில் அறுந்த தசைநாண்: நான் கடந்து வந்த பத்து மாதங்கள்

மாடிப்படியில் கால் வழுக்கியபோது கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். விழவில்லை, ஆனால் வலது தோளுக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது போல இருந்தது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே இரண்டு வாரம் ஓட்டினேன். பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். இரவில்தான் முடியவில்லை. அந்தப் பக்கம் புரண்டாலே விழிப்பு வந்துவிடும், அப்புறம் விடியும்வரை உட்கார்ந்தே இருப்பேன்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, தோள் இறுகியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண், அது எக்ஸ்ரேயில் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் என் கையைத் தானே மெல்லத் தூக்கினார். காது வரை போனது. "இப்போ நான் விட்டுடறேன், நீங்க மெதுவா இறக்குங்க" என்றார். கை பொத்தென்று விழுந்தது. தோள் இறுகியிருந்தால் அடுத்தவர் தூக்கினாலும் கை மேலே போகாது, உங்களுக்குப் போகிறது, ஆனால் நிற்கவில்லை என்று விளக்கினார். எம்ஆர்ஐயில் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் முழுக்க அறுந்திருந்தது. தோள் மூட்டைச் சுற்றிக் கவிந்து பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். அதில் அதிகம் கிழிவது இதுதான்.

கிழிசல் என்றாலே கத்தி வைக்க வேண்டும் என்றில்லை. பாதிக் கிழிசல், வயதில் தேய்ந்து வந்த கிழிசல் என்றால் பெரும்பாலும் முதலில் சில மாதம் பிசியோதெரபிதான். கிழிசல் ஒட்டாவிட்டாலும் சுற்றியுள்ள தசைகள் வலுப்பட்டு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். 60 வயதைத் தாண்டிய பலருக்குக் கிழிசல் இருந்தும் வலியே இருப்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச காலத்துக்கு வலியைக் குறைக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நாணே பலவீனமாகலாம். என் நிலைமை வேறு. நன்றாக இருந்த நாண் ஒரே இழுப்பில் அறுந்தது. தள்ளிப்போட்டால் அது உள்ளே சுருங்கிக்கொள்ளும், தசையில் கொழுப்பு படியும், பிறகு இழுத்து எலும்போடு தைக்க முடியாமலே போகலாம், அதனால் சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார் மருத்துவர். பயமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைதான். எலும்பில் சிறு ஆணிகள் போல எதையோ பதித்து, அதிலிருந்து வரும் நூலால் நாணைக் கட்டிவிடுகிறார்கள். கழுத்தருகே போட்ட மரப்பு ஊசியால் அன்று முழுக்கக் கை என்னுடையதாகவே இல்லை. மரப்பு இறங்கிய இரவுதான் கொடுமை. அதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். போட்டதால் தப்பித்தேன்.

ஆறு வாரம் ஸ்லிங், கையை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் துணிப்பட்டை. சாய்வு நாற்காலியில், முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூக்கம். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே மூன்று நாள் ஆனது. ஊசல் பயிற்சியில் மேசையை இடது கையால் பிடித்துக் குனிந்து நிற்பேன். "கையை நீங்க ஆட்டாதீங்க. உடம்பு அசையட்டும், கை தானா ஆடும்" என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஐந்தாம் வாரம் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, நிறைந்த தண்ணீர் ஜாடியைத் தூக்கினேன். சுரீர் என்றது. மறுநாள் அந்த அம்மா கோபப்படவில்லை, உட்காரவைத்துப் பேசினார். வலி குறைவது வேறு, நாண் எலும்பில் ஒட்டுவது வேறு. வலி சில வாரத்தில் போகும், ஒட்டு உறுதிப்பட மூன்று மாதமாவது ஆகும், நடுவில் வரும் இந்தக் காலத்தில்தான் பலர் மறுபடி அறுத்துக்கொள்கிறார்கள் என்றார். நல்லவேளை, எனக்குத் தையல் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவர் சொன்ன தேதிக்கு முன்னால் எதையும் தூக்கவில்லை. மூன்று மாதம் முடிந்த பிறகுதான், இழுத்துப் பயிற்சி செய்து தசையை வலுவாக்க ரப்பர் பட்டையைக் கையில் கொடுத்தார்.

இது பத்தாவது மாதம். மேல் தட்டிலிருக்கும் டப்பாவை வலது கையால் எடுக்கிறேன். வலது பக்கம் படுத்துத் தூங்குகிறேன். முதுகுக்குப் பின்னால் மட்டும் கை இன்னும் இடுப்பைத் தாண்டி நான்கு விரல்கடைதான் ஏறுகிறது. ரப்பர் பட்டை கதவுக் கைப்பிடியிலேயே கட்டியிருக்கிறது.